பாட்டஸின் சில்ஃபியம்

கி.மு. 49இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் ஜூலியஸ் சீசர் ரோமாபுரியின் பொதுக் கருவூலத்தைத் திறக்கச் செய்தார். போர்ச் செலவுக்கென்று அங்கிருந்து வாரிச் சென்றவற்றில் தங்கமும் வெள்ளியும் இருந்ததில் வியப்பில்லை. அவற்றுடன் 1,500 ராத்தல் எடையில் ஒரு செடியின் பிசினும் இருந்தது என்று மூத்த பிளினி தமது ‘இயற்கை வரலாறு’ நூலில் எழுதிவைத்திருக்கிறார். ரோமானிய ராத்தல் ஏறக்குறைய 327 கிராம். ஆக, அரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. கஜானாவில் பொன்னோடு பொன்னாகப் பூட்டிவைக்கும் மதிப்பைப் பெற்றிருந்த அந்தப் பிசினை ரோமர்கள் லாசர் என்றார்கள். அதைத் தந்த செடிக்குக் கிரேக்கர்கள் வழங்கிய பெயர் சில்ஃபியம்.

அதில் உயர்ந்த ரகம் ஒரே ஒரு சீமையில்தான் விளைந்தது. இன்றைய லிபியாவின் கிழக்குப் பகுதியில், சைரீன் என்ற கிரேக்க நகரத்தைச் சுற்றியிருந்த மேய்ச்சல் நிலங்களே அதன் பிறப்பிடம். ‘பாட்டஸின் சில்ஃபியம்’ என்று கிரேக்கர்களிடையே ஒரு சொல்வழக்கு உண்டு. எண்ணிக் கணக்கிட முடியாத செல்வத்துக்கு அதைச் சொல்வார்கள். கி.மு. 388இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் ‘செல்வம்’ நாடகத்திலும் அது வருகிறது. பாட்டஸ் என்பவன் சைரீனை நிறுவியவனாகச் சொல்லப்படும் தலைவன். யாரும் விதைக்காத, விதைத்தாலும் முளைக்காத ஒரு காட்டுச் செடி எப்படி அவன் சொத்தாயிற்று என்று பார்க்க, அவனுடைய கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

கி.மு. 8 முதல் 6ஆம் நூற்றாண்டு வரை கிரேக்கர்கள் மத்தியதரைக் கடலின் கரைகளிலும் கருங்கடல் கரைகளிலும் புது ஊர்களை எழுப்பிக்கொண்டே போனார்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நிறுவனர் உண்டு. டெல்பியில் அப்போலோவின் அருள்வாக்கைக் கேட்பதும், புது மண்ணில் கோயிலுக்கும் குடியிருப்புக்கும் வயலுக்கும் எல்லை வகுத்துத் தருவதும் அவன் பொறுப்பு. அவன் இறந்தால் ஊருக்கு வெளியே கொண்டுபோக மாட்டார்கள். சந்தைவெளியிலேயே அடக்கம் செய்து பலி கொடுத்துக் கும்பிடுவார்கள். நாளாக ஆக அவன்மேல் கதைகள் சேரும். சிராக்யூஸின் ஆர்க்கியாஸும் குரோட்டனின் மிஸ்கெல்லஸும் ஒரே சமயத்தில் டெல்பிக்குப் போனார்களாம். செல்வம் வேண்டுமா, உடல்நலம் வேண்டுமா என்று தெய்வம் கேட்க, முன்னவன் செல்வத்தையும் பின்னவன் நலத்தையும் கேட்டு வாங்கினானாம். சிராக்யூஸ் பணத்தில் கொழித்ததற்கும் குரோட்டன் மல்லர்களையும் மருத்துவர்களையும் தந்ததற்கும் இதுதான் காரணம் என்பார்கள். இப்படி, ஊர் எதில் பேர் வாங்கியதோ அது நிறுவனர் கேட்டுப் பெற்ற வரமாகிவிடும்.

பாட்டஸின் கதையை விரிவாகச் சொல்பவர் ஹெரோடோட்டஸ். இன்று சான்டொரினி என்று சுற்றுலாப் பயணிகள் குவிகிற தீரா தீவுதான் அவன் ஊர். தீராவாசிகள் ஒரு விதமாகவும் சைரீன் மக்கள் வேறு விதமாகவும் சொல்கிறார்கள் என்று இரண்டு கதைகளையும் ஹெரோடோட்டஸ் அடுத்தடுத்துத் தருகிறார். ஒன்றை மறைத்து மற்றதைச் சொல்லாத அந்த நேர்மைக்காகவே அவரைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

தீராக்காரர்கள் சொல்வது இது: அரசன் கிரின்னஸ் வேறு ஏதோ காரியமாக டெல்பிக்குப் போயிருந்தான். கேட்டதற்குப் பதிலாக, லிபியாவில் ஒரு நகரத்தை எழுப்பு என்று வாக்கு வந்தது. எனக்கு வயதாகிவிட்டது சாமி, எழுந்து நடப்பதே பாடு, இந்த இளவட்டங்களில் ஒருவனை ஏவும் என்று சொல்லிப் பக்கத்தில் நின்ற பாட்டஸைக் கைகாட்டினான். லிபியா எந்தத் திசையில் இருக்கிறது என்றே அவர்களில் யாருக்கும் தெரியாது. ஊர் திரும்பியதும் அதை மறந்துவிட்டார்கள். அதன்பின் ஏழு ஆண்டுகள் தீராவில் ஒரு சொட்டு மழை இல்லை. ஒரே ஒரு மரத்தைத் தவிர மற்றதெல்லாம் பட்டுப்போயிற்று.

சைரீன்காரர்களின் கதையில் பாட்டஸ் ஒரு திக்குவாயன். அவன் தாய் ஃப்ரோனிமி, கிரீட் தீவில் ஒரு சிற்றரசனின் மகள். சிற்றன்னையின் கோள்மூட்டலைக் கேட்டு, தகப்பனே மகளைக் கடலில் தள்ளிவிடும்படி தெமிசன் என்ற தீரா வணிகனிடம் ஒப்படைக்கிறான். முன்கூட்டியே சத்தியம் வாங்கிவிட்டதால் வணிகனால் மறுக்க முடியவில்லை. நடுக்கடலில் அவளைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி, உடனே மேலே தூக்கிக்கொள்கிறான். சத்தியமும் நிறைவேறியது, பெண்ணும் பிழைத்தாள். தீராவில் அவளுக்குப் பிறந்த பிள்ளைதான் பாட்டஸ். அவன் வளர்ந்து, தன் திக்குவாய்க்கு வழி கேட்டு டெல்பிக்குப் போனான். நீ குரலுக்காக வந்திருக்கிறாய். அப்போலோவோ ஆடு வளர்க்கும் லிபியாவில் குடியேற்றத் தலைவனாக உன்னை அனுப்புகிறார் என்றாள் பூசாரிணி. ஆளும் கிடையாது, படையும் கிடையாது, எப்படிப் போவேன் என்று அவன் முறையிட்டும் அதே வாக்குதான் மறுபடி கிடைத்தது. ‘ஆடு வளர்க்கும் லிபியா’ என்ற அந்த அடைமொழியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் செடியின் முடிவு அதில்தான் இருக்கிறது.

பஞ்சம் தாங்காமல் தீராக்காரர்கள் கிரீட்டுக்கு ஆள் அனுப்பி லிபியாவுக்கு வழி தெரிந்தவர் உண்டா என்று விசாரித்தார்கள். இட்டானஸ் ஊரில் கொரோபியஸ் என்ற செஞ்சாயச் சிப்பி எடுப்பவன் கிடைத்தான். காற்றில் அடித்துப்போய் லிபியக் கரையை ஒட்டிய பிளேட்டியா என்ற தீவில் ஒருமுறை ஒதுங்கியவன் அவன். அவனை வழிகாட்டியாக வைத்து இடத்தைப் பார்த்து வந்தபின், ஏழு வட்டாரங்களிலிருந்தும் சீட்டுக் குலுக்கி, அண்ணன் தம்பி உள்ள வீட்டில் ஒருவர் என்று ஆள் பொறுக்கினார்கள். ஐம்பது துடுப்புக் கப்பல்கள் இரண்டு புறப்பட்டன.

விரும்பிப் போன பயணமாக இதைக் கற்பனை செய்ய இடமில்லை. சைரீனின் இடிபாடுகளில் கிடைத்த கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, தீராவில் அன்று எடுத்த உறுதிமொழி என்று சொல்லி ஒரு வாசகத்தைத் தருகிறது. சீட்டு விழுந்தவன் கப்பல் ஏற மறுத்தால் மரண தண்டனை, சொத்து பறிமுதல். அப்படிப்பட்டவனுக்கு இடம் கொடுத்து ஒளித்துவைப்பது தகப்பனாக இருந்தாலும் சகோதரனாக இருந்தாலும் அதே தண்டனை. ஐந்து ஆண்டு பாடுபட்டும் ஊன்ற முடியாவிட்டால் மட்டும் திரும்பி வந்து பழைய நிலபுலனில் உரிமை பெறலாம். இதற்குச் சாட்சியாக ஆண்கள், பெண்கள், சிறுவர்கள், சிறுமிகள் எல்லோரும் ஓரிடத்தில் கூடி, மெழுகில் பொம்மைகள் பிடித்து நெருப்பில் இட்டார்கள். இந்த ஆணையை மீறுகிறவனும் அவன் வம்சமும் சொத்தும் இந்த மெழுகைப் போல உருகி ஒழியட்டும் என்று சாபம். கல்வெட்டின் சொற்கள் பிற்காலத்தில் செப்பம் செய்யப்பட்டவை என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தின் கொடுமை பின்னால் யாரும் பெருமைக்காகப் புனையக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை.

போனவர்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பி வந்தார்கள். தீராக்காரர்கள் கரையிலிருந்தே அவர்களைத் தாக்கி விரட்டினார்கள், இறங்க விடவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் பிளேட்டியா தீவில் இரண்டு ஆண்டு கிடந்தார்கள். அங்கும் விளங்கவில்லை என்று டெல்பியில் முறையிட்டபோது, நீங்கள் இன்னும் லிபியாவுக்கே போகவில்லையே என்ற பொருளில் பதில் வந்தது. பிறகு தீவுக்கு எதிரே அசிரிஸ் என்ற இடத்தில் ஆறு ஆண்டு வாழ்ந்தார்கள்.

செடி நம் கதைக்குள் வருவது இங்கேதான். பிளேட்டியாவும் அசிரிஸும் கிலிகாமே என்ற லிபியக் குடியின் நிலம். அவர்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஹெரோடோட்டஸ், சில்ஃபியம் இங்கிருந்துதான் தொடங்குகிறது, பிளேட்டியா முதல் சிர்ட்டிஸ் வளைகுடாவின் வாய் வரை விளைகிறது என்று குறிப்பிடுகிறார். தீராக்காரர்கள் ஒதுங்கிய முதல் மண்ணே சில்ஃபியம் விளையும் மண்தான். ஆறு ஆண்டு அங்கே குடியிருந்தவர்கள் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அந்த மண்ணின் மக்கள்தான் அதன் பயனை அவர்களுக்குக் காட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஏழாம் ஆண்டில் லிபியர்கள், இதைவிட நல்ல இடம் காட்டுகிறோம் என்று அவர்களை மேற்கே அழைத்துப் போனார்கள். இராசா என்ற மிகச் செழிப்பான பகுதி கண்ணில் படக்கூடாதென்று அதை இரவில் கடக்கும்படி பயணத்தைக் கணக்கிட்டார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். கடைசியில் ஒரு நீரூற்றருகே நிறுத்தி, இங்கே தங்குங்கள், இவ்விடத்தில் வானத்தில் ஓட்டை இருக்கிறது என்றார்கள். மழை பெய்யும் இடம் என்று பொருள். அந்த ஊற்று உள்ள ஜெபல் அக்தர், அதாவது பசுமை மலை, இன்றும் லிபியாவில் மழைக்குப் பேர்போனது. அந்த ஊற்றை அப்போலோவுக்கு உரியதாக்கி, கி.மு. 631 வாக்கில் சைரீன் எழுந்தது. பாட்டஸ் 40 ஆண்டு ஆண்டான். சிங்கம் ஒன்றைக் கண்டு அலறியதில் அவன் திக்குவாய் தெளிந்தது என்று பிற்காலத்து பாசனியஸ் எழுதுகிறார். பிண்டாரின் பாட்டிலோ அவன் பேச்சைக் கேட்டுச் சிங்கங்கள் ஓடுகின்றன.

சில்ஃபியத்துக்கும் ஒரு பிறப்புக் கதை உண்டு. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் அதைச் சைரீன் மக்கள் வாயிலாகக் கேட்டு எழுதினார். கீல் போலக் கறுத்துத் தடித்த ஒரு பெருமழை பொழிந்து நிலம் ஊறியதாம். அதில் திடீரென்று சில்ஃபியம் முளைத்ததாம். அதற்கு முன்பு அப்படி ஒரு செடியே கிடையாதாம். எப்போது? சைரீன் உண்டாவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு.

இந்த இரண்டு ஏழுகளையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். தீராவில் ஏழு ஆண்டு மழை நின்று கிரேக்கர்களை வெளியே தள்ளுகிறது. லிபியாவில், அவர்கள் நகரம் எழுப்புவதற்குச் சரியாக ஏழு ஆண்டு முன்னால், ஒரு மழை செடியை விதைத்துவைக்கிறது. கிரேக்கர்கள் வருவதற்கு முன் அது அங்கே இல்லவே இல்லை என்று கதை அடித்துச் சொல்கிறது. செடிக்குப் பழைய சொந்தக்காரர் எவரும் இருந்திருக்க முடியாது என்றாகிவிடுகிறது. தெய்வம் அனுப்பிய மனிதனுக்காகத் தெய்வம் அனுப்பிய செடி. நடுவில் லிபியர்களுக்கு இடமே இல்லை. தலைமுறை தலைமுறையாக அதே நிலத்தில் ஆடு மேய்த்தவர்களும், ஊற்றைக் காட்டிக் கொடுத்தவர்களும் இந்தக் கதையில் எங்கே போனார்கள்?

அவர்கள் எங்கே போனார்கள் என்பதை ஹெரோடோட்டஸே சொல்கிறார். பாட்டஸின் பேரன் காலத்தில், அவனுக்கும் பாட்டஸ் என்றே பெயர், நிலம் பங்கிடுகிறோம் வாருங்கள் என்று சைரீன் கிரேக்க உலகெங்கும் அழைத்தது. தாமதித்தவர் வருந்துவார் என்று டெல்பியும் தூண்டியது. திரள் திரளாக ஆட்கள் வந்திறங்க, சுற்றியிருந்த லிபியர்களின் நிலம் பறிபோனது. அவர்களின் அரசன் அடிக்ரான், எகிப்து மன்னன் அப்ரியஸிடம் உதவி கேட்டான். கி.மு. 570 வாக்கில் எகிப்தியப் படை வந்து இராசாவில் தோற்று அழிந்தது. ஒரு காலத்தில் இரவில் கடத்திக் கூட்டிப்போய் மறைத்தார்களே, அதே இராசாதான் போர்க்களம்.

இனி செடியைக் கிட்டத்தில் பார்ப்போம். கொத்துமல்லி, சோம்பு, பெருங்காயம் எல்லாம் சேர்ந்த குடும்பம்தான் அதுவும் என்பது பெரும்பாலான தாவரவியலாளர்களின் கருத்து. தடித்த வேர், அதன்மேல் கறுப்புத் தோல். ஆண்டுதோறும் வேரிலிருந்து பருத்த தண்டு எழும்பும். இலை செலரி இலையை ஒத்திருக்கும். சைரீனின் காசுகளில் அதைச் சித்திரம் போல வெட்டியிருக்கிறார்கள்: வரிவரியாகப் பள்ளமிட்ட தூண் போன்ற தண்டு, இரு பக்கமும் எதிரெதிராக இலை, கணுக்களில் சின்னக் கொத்துகள், உச்சியில் உருண்டையான பூங்கொத்து. சில பழைய காசுகளில் விதை மட்டும் உண்டு. அது இதய வடிவில் இருக்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து சைரீன் தன் நாணயத்தில் பொறித்த சின்னம் இதுதான். அரசனின் முகத்துக்குக் கிடைக்காத இடம் செடிக்குக் கிடைத்தது.

தண்டைக் கீறினால் ஒரு பால், வேரைக் கீறினால் ஒரு பால். வேர்ப்பாலே உசத்தி. ஒரு வருஷத்தில் எவ்வளவு வெட்டலாம், எப்படி வெட்டலாம் என்பதற்கு வரையறை இருந்தது என்று தியோஃப்ராஸ்டஸ் குறிப்பிடுகிறார். பால் பச்சையாக இருந்தால் அழுகிவிடும். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்கு அனுப்புகிறவர்கள் அதைச் சாடியில் ஊற்றி, மாவைக் கலந்து, நிறம் மாறும்வரை நெடுநேரம் குலுக்குவார்கள். நம் வீட்டுப் பெருங்காய டப்பாவின் பின்புறத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். மைதா மாவோ கோதுமை மாவோ, கூடவே கருவேலம் பிசின் என்று இருக்கும். 2,300 ஆண்டுகளுக்கு முன் சைரீனில் செய்த அதே கைவேலைதான் பெயர் மட்டும் மாறிக் கூட்டுப் பெருங்காயமாக இன்றும் நடக்கிறது.

ஒன்று மட்டும் எவராலும் முடியவில்லை. உழுத நிலத்தில் அது வளராது. கொத்திப் பண்படுத்தினால் அங்கிருந்து விலகிக் காட்டுப்பக்கம் போய்விடும் என்று தியோஃப்ராஸ்டஸ் எழுதியிருக்கிறார். கிரேக்க நாட்டில் பயிரிட முயன்று தோற்றார்கள் என்று மருத்துவ நூல்களில் ஒன்றும் சொல்கிறது. அதனால்தான் விலை. தானாக முளைத்ததைத் தேடி எடுக்க வேண்டும். தேடத் தெரிந்தவர்கள் உள்நாட்டில் மேய்ச்சலில் இருந்த லிபியர்கள்.

பாரிஸில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்தின் நாணயப் பிரிவில், கி.மு. 560ஐ ஒட்டிய ஒரு மதுக் கிண்ணம் இருக்கிறது. முதல் பாட்டஸின் கொள்ளுப்பேரனான இரண்டாம் ஆர்க்கெசிலாஸ் அதன் உட்புறத்தில் மடக்கு நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். தலையில் அகன்ற தொப்பி, கையில் கோல், முதுகில் புரளும் நீண்ட முடி, நாற்காலிக்கு அடியில் வாரிட்ட சிறுத்தை. எதிரே பெரிய தராசு தொங்குகிறது. வெள்ளையான ஏதோ ஒன்றைத் தட்டில் வைத்து நிறுக்கிறார்கள். ஒருவன் அரசனை நோக்கிக் கைநீட்டி எதையோ கூவுகிறான். உத்தரத்தில் ஒரு குரங்கு, சுற்றிலும் பறவைகள், அரசன் முதுகுப்பக்கம் ஒரு பல்லி. கீழ்த்தளத்தில் மூட்டை சுமந்தவர்கள் விரைந்து கிடங்குக்கு ஓட, காவலாள் பார்த்துக்கொண்டிருக்கிறான். நிறுப்பது சில்ஃபியமா கம்பளியா என்று அறிஞர்கள் இன்னும் தகராறு செய்கிறார்கள். எதுவானாலும் மன்னன் கண் தராசின் முள்ளில்தான். கிண்ணத்தை வரைந்தது ஸ்பார்ட்டா நாட்டுக் கலைஞன். அது கிடைத்தது இத்தாலியில் வுல்ச்சி என்ற எட்ரஸ்கன் கல்லறையூரில். தீராவே ஸ்பார்ட்டாவிலிருந்து தேராஸ் என்பவன் போய் நிறுவிய ஊர் என்பது ஐதிகம். ஆக, பாட்டி ஊர்க் கலைஞன் பேத்தி ஊர் அரசனின் வியாபாரத்தை வரைந்திருக்கிறான்.

பாட்டஸ், ஆர்க்கெசிலாஸ் என்று பெயர் மாறி மாறி எட்டுத் தலைமுறை ஆள்வீர்கள், அதற்குமேல் ஆசைப்படாதீர்கள் என்று டெல்பி சொன்னதாகக் கதை. அப்படியே, கி.மு. 440 வாக்கில் அரசமரபு முடிந்தது. செடியின் சந்தை முடியவில்லை. சமையலில் துருவிப் போட்டார்கள், தண்டை அவித்துத் தின்றார்கள், இருமலுக்கும் விஷக்கடிக்கும் தின்னக் கொடுத்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் சொரானஸ், கருத்தரிக்காமல் இருக்கச் சைரீன் பிசினைக் கொண்டைக்கடலை அளவு நீரில் கரைத்து மாதம் ஒருமுறை குடிக்கச் சொல்கிறார். மேற்கே சாரக்ஸ் என்ற இடத்தில் கார்த்தேஜ் வணிகர்கள் மதுவைக் கொண்டுவந்து கொடுத்து, சைரீனிலிருந்து கள்ளத்தனமாகக் கொண்டுவரப்பட்ட சில்ஃபியத்தை வாங்கிப் போனார்கள் என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார். விலையும் கட்டுப்பாடும் உள்ள சரக்கு எங்கும் போகிற வழியில்தான் அதுவும் போயிருக்கிறது.

அலெக்ஸாந்தரின் படை இந்துகுஷ் மலையைக் கடந்தபோது ஆப்கன் மண்ணில் சில்ஃபியம் போலவே ஒன்று எங்கும் முளைத்திருக்கக் கண்டார்கள். விறகில்லாமல் பச்சை மாமிசம் தின்ன நேர்ந்தபோது செரிப்பதற்கு அதுதான் கைகொடுத்தது. அந்த இடத்தில் வரலாற்றாசிரியர் அரியன் ஒன்றைச் சொல்கிறார்: ஆடுகளுக்கு இந்தச் செடியின் மேல் அப்படி ஓர் ஆசை, தூரத்திலிருந்தே மோப்பம் பிடித்து ஓடிவந்து பூவைக் கடித்து வேரையும் தோண்டித் தின்னும், அதனால் சைரீனில் சிலர் ஆட்டு மந்தையைச் சில்ஃபியம் விளையும் இடத்துக்கு அண்டவிடாமல் ஓட்டிவைப்பார்கள், வேலியும் போடுவார்கள்.

அந்த வேலியில்தான் செடியின் உயிர் இருந்தது. கி.மு. 96இல் சைரீனை ஆண்ட கடைசித் தாலமி வம்ச மன்னன் நாட்டை ரோமுக்கு உயில் எழுதிவிட்டுச் செத்தான். கி.மு. 93இல் 30 ராத்தல் சில்ஃபியப் பிசின் அரசுக் கணக்கில் ரோமுக்கு வந்ததைப் பிளினி ஒரு செய்தியாகவே பதிவு செய்கிறார். பிறகு மேய்ச்சல் நிலங்கள் குத்தகைக்குப் போயின. குத்தகைக்காரர்கள், பிசினைவிட ஆட்டில் உடனடி லாபம் கூடுதல் என்று கண்டு மந்தையை உள்ளே விட்டு மேய்த்து அழித்தார்கள் என்பது பிளினியின் குற்றச்சாட்டு. சில்ஃபியம் தின்ற ஆட்டின் கறிக்கு ருசி அதிகம் என்பதால் கறிக்கும் நல்ல விலை. நாடோடிக் குடிகள் பகையால் வந்து வேர்களை அழித்தார்கள் என்று ஸ்ட்ராபோ பழியை வேறு பக்கம் போடுகிறார். எனக்குப் பிளினி சொல்வதே நம்பும்படி இருக்கிறது. அடுத்த குத்தகை தனக்கு வருமா என்று தெரியாதவனுக்கு, வேர் தழைக்கும்வரை பொறுத்திருக்க என்ன அவசியம்? நாடோடிகளே பிடுங்கினார்கள் என்றாலும், நிலமும் செடியும் கையைவிட்டுப் போய் ஐந்நூறு ஆண்டு ஆனவர்கள் அவர்கள்.

‘ஆடு வளர்க்கும் லிபியா’ என்று திக்குவாய்ப் பாட்டஸுக்கு வந்த வாக்கு இப்படிப் பலித்தது. நம் காலத்தில் ஒரே ஒரு தண்டுதான் கண்டெடுக்கப்பட்டது, அதையும் நீரோ மன்னனுக்குக் காட்சிப்பொருளாக அனுப்பிவிட்டார்கள் என்று எழுதுகிறார் பிளினி. மனிதர் கண்ணெதிரே ஒரு தாவரம் அற்றுப்போனதாக எழுத்தில் பதிவான முதல் நிகழ்ச்சிகளில் அது ஒன்று.

சந்தை அதன் இடத்தைக் காலியாக விட்டுவைக்கவில்லை. பாரசீகம், மீடியா, ஆர்மீனியாவிலிருந்து வேறொரு பிசின் வந்தது. மணத்தில் சைரீன் சரக்குக்கு ஈடில்லை என்று குறைபட்டுக்கொண்டே வாங்கினார்கள். அதிலும் வேறு பிசினையும் இடித்த பயற்றையும் கலந்தார்கள். அந்தப் பாரசீகச் சரக்குதான் நம் பெருங்காயம் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். ‘அப்பீசியஸ்’ என்று வழங்கும் ரோமானியச் சமையல் நூலில் பிசினைச் சிக்கனமாகப் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது: பைன் கொட்டைகளோடு சேர்த்து ஒரு பாத்திரத்தில் போட்டு மூடிவை, வாசனை கொட்டையில் ஏறிவிடும், வேண்டும்போது கொட்டையை எடுத்து நசுக்கிப் போட்டு, எடுத்த அளவு புதுக்கொட்டையை உள்ளே போடு. பெருங்காயம் இருந்த பாண்டம் என்று நாம் சொல்வதை அவர்கள் அடுப்படியில் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

கி.பி. 400ஐ ஒட்டி வாழ்ந்த சைரீன்காரர் சினேசியஸ், சொந்த ஊர்ச் சில்ஃபியத்தைத் தம் கடிதங்களில் குறிப்பிடுகிறார். ஆகவே நீரோவின் தண்டு உண்மையில் கடைசித் தண்டாக இருந்திருக்காது. வணிகத்துக்குப் போதாத அளவில் எங்கோ ஒளிந்து பிழைத்திருக்கலாம். 2021இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் மஹ்முத் மிஸ்கி, துருக்கியின் ஹசன் மலைப்பக்கம் வளரும் ஃபெருலா ட்ருடியானா என்ற அரிய செடியே பழைய சில்ஃபியமாக இருக்கக்கூடும் என்று எழுதினார். காசில் உள்ள உருவத்தோடு தண்டும் இலையமைப்பும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. விதையை ஈரக்குளிரில் வைத்து எடுத்தபின்தான் முளைக்கவைக்க முடிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்; கிரேக்கர்களால் ஏன் விதைக்க முடியவில்லை என்பதற்கு அது ஒரு விடை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய சில்ஃபியத்தின் துணுக்கு ஒன்றும் கையில் இல்லாதவரை இதை உறுதி என்று சொல்ல முடியாது. இந்தியாவில் 2020 அக்டோபர் 15 அன்று இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், குவாரிங் கிராமத்தில், பெருங்காயச் செடி நடப்பட்டது. ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 டன் வாங்கித் தின்றுகொண்டிருந்த நாடு நாம். பெருங்காயமும் சேர்ந்த ஃபெருலா பேரினத்தை வேலிக்குள் கொண்டுவரும் முயற்சி இப்போதும் முடிந்துவிடவில்லை.

சைரீனின் இடிபாடுகள் இன்றைய ஷஹாத் ஊரை ஒட்டி நிற்கின்றன. 1982இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2016இல் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 2023 செப்டம்பரில் டேனியல் புயல் கொட்டிய மழையில் அங்கே சுவர்கள் சரிந்தன. அந்த ஊரைப் பற்றிய எந்த நூலைத் திறந்தாலும் பாட்டஸ் நிறுவினான் என்ற வரி முதல் பக்கத்தில் இருக்கும். ஊற்றைக் காட்டியவர்கள் லிபியர்கள். சில்ஃபியம் விளைந்தது அவர்கள் மேய்ச்சல் நிலத்தில். அந்த வரிக்குப் பக்கத்தில் இதையும் எழுத வேண்டும்.